கிளாம்பாக்கத்தில் இறங்கியவன் கேட்கிறான்



திருநெல்வேலியில் ஏறி, இரவெல்லாம் உறங்காமல் வந்து, வைகறையிலே கிளாம்பாக்கத்தில் இறங்குகிறான் ஓர் உழைப்பாளி. தலையிலே மூட்டை; தோளிலே குழந்தை. "சென்னை வந்துவிட்டது, இறங்குங்கள்" என்கிறார் நடத்துநர். வந்ததா சென்னை? அவன் போகவேண்டிய திருவொற்றியூர், பட்டணத்தின் மறுகோடியிலன்றோ இருக்கிறது!

2023 டிசம்பர் 30 அன்று அந்தப் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. பெருஞ்சாலையைக் கடந்தால் இரயில் பாதை. ஆனால் திறந்த நாளில் அங்கே இரயில் நிற்க ஒரு நிறுத்தமில்லை! மாளிகை கட்டியவர்கள் வாசற்படியை மறந்த கதை இது. 1931-லேயே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடவிட்டான் வெள்ளையன். பாதை முன்னே சென்றது. ஊர் பின்னே வளர்ந்தது. நாமோ ஊரை முன்னே அனுப்பிவிட்டுப் பாதையைப் பிறகு தேடுகிறோம்.

இப்போது மெட்ரோவைப் புறநகருக்கு நீட்டும் திட்டங்கள் மூன்று. 2025-26 நிதிநிலை அறிக்கை தந்த கணக்கைப் பாருங்கள்: விமான நிலையம் முதல் கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர், 9,335 கோடி ரூபாய். கோயம்பேடு முதல் பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டர், 9,744 கோடி. பூந்தமல்லி முதல் சுங்குவார்சத்திரம் வரை 27.9 கிலோமீட்டர், 8,779 கோடி. கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் கிளாம்பாக்கத்துக்கு ஏறத்தாழ 600 கோடி. சுங்குவார்சத்திரத்துக்கு அதில் பாதியளவே. "மலிவானதை முதலில் செய்யலாமே" என்பார் சிலர். செலவை மட்டும் எண்ணி, பயணியை எண்ணாதவர் பேச்சு அது! பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று மக்கள் நெருங்கி வாழும் வழியன்றோ அது? முதலிடம் அதற்கே என்பது நமது கருத்து.

"அங்கேதான் மின்சார இரயில் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று கேட்பவரும் உண்டு. நேர்மையான கேள்விதான். அந்த இரயில் கடற்கரைக்குப் போகும். அண்ணா சாலைக்குப் போகாது, வடபழனிக்குப் போகாது. மெட்ரோவோ 2021 பிப்ரவரி முதல் திருவொற்றியூரைத் தாண்டி விம்கோ நகர் வரை செல்கிறது. அதே பாதை தெற்கே நீண்டால், கிளாம்பாக்கத்தில் அமர்ந்தவன் திருவொற்றியூரில் எழுந்திருப்பான்.

நீளுமா? இரண்டாம் கட்டத்தின் கதையை நினைவில் கொள்ளுங்கள். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டியவர் மத்திய உள்துறை அமைச்சர். மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததோ 2024 அக்டோபர் 3-ஆம் நாள்! நான்காண்டு டில்லி யோசித்தது. சுமையைச் சுமந்தது மாநிலக் கருவூலம்.

குற்றம் முழுவதையும் டில்லியின் தலையில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவ முடியாது. வேளச்சேரி வரை 2007-இல் வந்த பறக்கும் இரயிலைப் பரங்கிமலைக்குக் கொண்டுசெல்ல இருந்த தூரம் 5 கிலோமீட்டர். 2008-இல் தொடங்கிய வேலை, கடைசி அரைக் கிலோமீட்டர் நிலத்துக்காக வழக்கிலே சிக்கிப் பத்தாண்டுக்கு மேல் கிடந்தது. நிலத்துக்குரியவரை முதலிலேயே அழைத்துப் பேசி, நியாயமான விலை தந்திருந்தால் தூண்கள் வெயிலிலே காய்ந்திருக்குமா?

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2021 மே மாதம் மகளிருக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மெட்ரோவிலோ, அதே ஆண்டு பிப்ரவரியில் குறைத்த பிறகும் உச்சக் கட்டணம் 50 ரூபாய். பெருங்களத்தூரிலிருந்து பூக்கூடையோடு புறப்படும் அம்மையார் நாள்தோறும் போகவர 100 ரூபாய் கொடுப்பாரா? குளிரூட்டிய பெட்டி அவரை விட்டுவிட்டு ஓடுமானால், அவருடைய வரிப்பணத்திலே ஏன் ஓடவேண்டும்? வழித்தடம் அறிவித்த மறுநாளே "மெட்ரோ அருகில் மனை" என்று பலகை நடுபவர்கள் உழைக்காமல் பெறும் இலாபத்தில் ஒரு பங்கை வரியாக எடுத்தால், அவர் கட்டணத்தைக் குறைக்க வழி பிறக்கும்.

ஆகவே, தாம்பரம், வண்டலூர்ப் பகுதிக் கிளைத் தோழர்களே, அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். விடியற்காலை கிளாம்பாக்கம் செல்லுங்கள். இறங்குவோரிடம் எங்கே போகிறீர்கள், எவ்வளவு கொடுக்க முடியும் என்று கேட்டு, ஏட்டிலே குறித்து வாருங்கள். ஆட்சியாளரிடம் நாம் எடுத்துச்செல்லும் மனு அந்த ஏடாகவே இருக்கட்டும்.