தோட்டத்துப் படம் தோட்டத்துக்கு வரவேண்டும்!

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் படம் பிடிக்காதார் எவர்? ஹற்றனுக்கும் நானுஓயாவுக்கும் இடையே புகைவண்டியிற் செல்லும் வெளிநாட்டார் தொடக்கம் உலகப் பெருங் கம்பனிகளின் விளம்பரக்காரர் ஈறாக, யாவரும் அம்மலைகளையும் அங்கே கொழுந்து கொய்யும் பெண்களையும் படம் பிடித்துச் சென்றுள்ளனர். கூடை சுமந்த பெண்ணின் உருவத்தைத் தாங்கிய தேயிலைப் பெட்டிகள் எத்தனையோ தேசங்களின் கடைகளில் அடுக்கப்பட்டுள்ளன. படக்கருவி வந்தது; படத்தை எடுத்துக்கொண்டு போயிற்று. ஆனால், அப்படங்களிற் தோன்றிய மக்கள் அவற்றை என்று கண்டனர்? எங்கே கண்டனர்? எவரோடு கூடியிருந்து கண்டனர்? இந்த மூன்று கேள்விகளையும் நாம் இன்று பகிரங்கமாகக் கேட்க விரும்புகிறோம்.

சுயாதீனமாக எடுக்கப்படும் விவரணப் படங்கள் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்து, பின்னர் ஏதோ ஒரு மண்டபத்தில், ஏதோ ஒரு நகரத்தில் மக்கள் முன் காட்டப்படுவது இக்காலத்தில் வழமையாகிவிட்டது. அவ்வளவு தாமதத்தின் பின்னராவது அவை சேரவேண்டிய இடத்தைச் சேர்கின்றனவா என்பதே நமது கவலை.

கடல் கடந்த படங்கள்

1934-ஆம் ஆண்டில் பசில் றைட் என்னும் ஆங்கிலேயர் நமது தீவுக்கு வந்து, 'சோங் ஒவ் சிலோன்' என்ற விவரணப் படத்தை எடுத்தார். தேயிலைப் பிரசாரச் சபையின் ஆதரவில் உருவான படம் அது. அடுத்த ஆண்டு பிறசெல்ஸ் நகரிற் பரிசு பெற்றது. உலகின் சிறந்த விவரணப் படங்களுள் ஒன்றென இன்றும் பாராட்டப்படுகிறது. கலையழகில் நாமும் அதனைக் குறை கூறோம். ஆயினும், வாணிகத்தைப் பற்றிய அதன் பகுதியில் ஒலிப்பது சந்தை விலைகளும் வர்த்தகக் கடிதங்களுமே. உழைப்பவரின் கை தெரிகிறது. பேசுவது வணிகரின் குரல்.

நாற்பது ஆண்டுகள் உருண்டன. 1973-இல் பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி, 'வேர்ல்ட் இன் அக்ஷன்' என்னும் தனது நிகழ்ச்சியில், ஒரு கோப்பைத் தேநீரின் விலை யாது என்ற கேள்வியைத் தலைப்பாகக் கொண்ட படமொன்றை ஒளிபரப்பியது. பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்களில் நம் மக்கள் வாழ்ந்த வாழ்வை, அவர்கள் கொய்த தேயிலையைக் குடித்துக்கொண்டிருந்த பிரித்தானிய மக்கள் தம் வீட்டுக் கூடங்களில் இருந்தவாறே கண்டனர். கண்டவர் திடுக்கிட்டனர். பத்திரிகைகள் எழுதின, கம்பனிகள் பதில் கூற வேண்டியதாயிற்று.

நல்லதே நடந்தது. ஆனால், அந்நாளில் இலங்கையில் தொலைக்காட்சி என்பதே கிடையாது. 1979-இலேதான் இத்தீவில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. எவருடைய பசி காட்டப்பட்டதோ அவர்களுக்கு அந்த ஒளிபரப்பைக் காணும் வழியே இருக்கவில்லை! 1973-ஆம், 1974-ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வதைத்த காலம் அது. லண்டனிலே ஒருவர் நம்மைப் பார்த்து இரக்கப்படுகிறார் என்பதை அறியாமலே நம் மக்கள் பட்டினியால் மாண்டனர். பின்னர் 1975-இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. உடைமை மாறிற்று, நிர்வாகம் மாறிற்று. படத்திலே தோன்றுபவர் ஒருபுறம், படத்தைப் பார்ப்பவர் மறுபுறம் என்ற பிரிவு மட்டும் மாறவில்லை.

கைத்தொலைபேசி போதாதா?

"இன்று லயத்துக்கு லயம் கைத்தொலைபேசி உண்டு. விரும்பியவர் விரும்பிய படத்தை விரும்பிய நேரத்திற் பார்க்கலாம். இனித் திரை கட்டிக் கூட்டம் சேர்ப்பது எதற்கு?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆதலால் நாமும் நேரே விடை கூறுவோம்.

தனியே இருந்து பார்ப்பவன் பெருமூச்சு விட்டு உறங்கப் போவான். கூடியிருந்து பார்ப்பவர்கள் பேசுவார்கள். 2021-இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று சம்பள நிர்ணய சபை விதித்தது. ஆயிரம் ரூபா கிடைத்துவிட்டது என்று நகரத்தார் யாவரும் நம்பினர். நிறுவையிலே கொழுந்து குறைந்தால் அரைப் பேர் மட்டுமே விழும் என்பதும், கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக் கணக்கிற் கழிக்கப்படும் என்பதும் மலையில் நிற்பவருக்கன்றோ தெரியும்! வெளியிலிருந்து வந்து படமெடுப்பவர் எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும், இவ்விவரங்களிற் தவறுதல் இயல்பு. அந்தப் படத்தை அதே தோட்டத்து மக்கள் நூறு பேர் கூடியிருந்து பார்த்தால், "இஃது அப்படியன்று" என்று ஒரு கிழவி எழுந்து சொல்வாள். "நிறுவைக் கணக்கை ஏன் காட்டவில்லை?" என்று ஓர் இளைஞன் கேட்பான். படமெடுத்தவர் அங்கே நின்று விடை கூறியாக வேண்டும். அந்த விசாரணையிற் தேறிய படமே உண்மையான விவரணப் படமாகும்.

இப்படிக் கூடியிருந்து பார்ப்பது நம் மலையகத்துக்குப் புதிய வழக்கமும் அன்று. மாசி மாதத்திலே காமன் கூத்து நடக்கிறது. தப்பு முழங்க, பெரியோரும் சிறியோரும் பனியையும் பொருட்படுத்தாது இரவிரவாக நின்று பார்க்கின்றனர். பார்ப்போர் ஆட்டக்காரரோடு பேசுகின்றனர், தவறினால் திருத்துகின்றனர், அழவேண்டிய இடத்தில் ஒன்றாக அழுகின்றனர். அப்படிப்பட்ட சபையை உடைய மக்களிடம், உள்ளங்கை அகலத் திரையைக் கொடுத்து, "நீ தனியே பார்த்துக்கொள்" என்பது நீதியாகுமா?

அச்சம் படத்தின் மீதா, கூட்டத்தின் மீதா?

அதிகாரத்தில் இருப்போர் இந்த வேறுபாட்டை நம்மிலும் நன்றாக அறிவர். தமிழ்நாட்டிலே திவ்யபாரதி என்னும் பெண், கையால் மலம் அள்ளும் தொழிலாளரைப் பற்றி 'கக்கூஸ்' என்ற விவரணப் படத்தை எடுத்து 2017-இல் வெளியிட்டார். பல இடங்களில் அதனைத் திரையிடப் பொலிசார் இடங்கொடுக்கவில்லை. பின்னர் இணையத்தில் இடப்பட்டபோது இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். தனித்தனியே பார்த்த இலட்சம் பேருக்கு அஞ்சாத அதிகாரம், ஒரு மண்டபத்திற் கூடிய இருநூறு பேருக்கு அஞ்சியது!

மலேசியாவிலும் இதுவே நடந்தது. இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தைப் பற்றிய 'நோ பயர் சோன்' என்ற படம் 2013 ஜூலையிற் கோலாலம்பூரில் ஒரு மண்டபத்திற் காட்டப்பட்டது. தணிக்கை பெறாத படத்தைக் காட்டினார் என்று லீனா ஹென்றி என்ற பெண்மணி மீது வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2017-இல் அவர் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, 10,000 றிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது.

நம் நாட்டின் கதை என்ன? பகிரங்கக் காட்சிகளைக் கட்டுப்படுத்தும் கட்டளைச் சட்டம் 1912-இல், வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பட்டது. அதன் வழிவந்த சபையே சுதந்திரத்தின் பின்னரும் படங்களுக்கு அனுமதி வழங்கி வந்துள்ளது. போரிலே மகனை இழந்த ஒரு சிங்களக் கிராமத்துத் தந்தையைப் பற்றிப் பிரசன்ன விதானகே எடுத்த 'புர ஹந்த களுவர' என்ற கதைப்படத்தை 2000-ஆம் ஆண்டில் அரசு வெளிவராது நிறுத்தி வைத்தது. 2001-இல் உயர் நீதிமன்றம் அது கருத்துரிமையை மீறிய செயல் எனத் தீர்ப்பளித்து, படத்தைத் திரையிடுமாறு பணித்தது. ஆட்சியாளரின் தாமதமும் ஒரு தடையே என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமா?

மலைநாட்டுக்கு இந்த அச்சத்தின் வரலாறு இன்னும் பழையது. 1937-இல் நாவலப்பிட்டியில் நடந்த ஒரு கூட்டத்தில், தோட்டத்திலே வேலை பழகியிருந்த பிறேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞர் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். கமலாதேவி சட்டோபாத்யாயா கலந்துகொண்ட கூட்டம் அது. ஒரு துரை தொழிலாளரின் கூட்டத்திற் பேசியதைப் பொறுக்காத ஆட்சி, அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டது. நீதிமன்றம் அக்கட்டளை செல்லாது என்றது. அன்று அவர் கையில் ஆயுதம் இருந்ததா? இல்லை. தொழிலாளர் கூடினர், கேட்டனர். அதுவே குற்றமாயிற்று.

மைதானம் எவருடையது?

தோட்டத்துக்குட் படத்தைக் கொண்டுவர முயல்வோர் சந்திக்கும் முதற் கேள்வி, "எங்கே காட்டுவது?" என்பதே. பிரட்டுக் களம் தோட்டத்துக்கு உரியது. மைதானம் தோட்டத்துக்கு உரியது. லயத்து வாசலும் தோட்டத்துக்கு உரியது. பரம்பரை பரம்பரையாய் அங்கே வாழ்ந்த மக்கள், ஒரு வெள்ளைச் சீலையை நாலு முழம் உயரத்திற் கட்டுவதற்கும் பங்களாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிமை இல்லாதவனுக்குக் கூடுவதற்கும் இடமில்லை. கூட இடமில்லாதவனுக்குத் தன் கதையைக் கேட்பதற்கும் இடமில்லை. காணியுரிமைப் போராட்டத்தையும் படக்காட்சியையும் நாம் ஒரே மூச்சிற் பேசுவது இதனாலேதான்.

நம்மவர் இடும் தடை

ஆட்சியாளரையும் கம்பனிகளையும் மட்டும் குறை கூறி முடித்தல் நேர்மையாகாது. யூட் ரட்ணம் என்னும் தமிழர் பல ஆண்டுகள் உழைத்து எடுத்த 'டீமன்ஸ் இன் பரடைஸ்' என்ற விவரணப் படம் 2017-இல் பிரான்சின் கான் விழாவிற் காட்டப்பட்டது. 2018-இல் யாழ்ப்பாணத்துச் சர்வதேசத் திரைப்பட விழாவிற் காட்டப்பட இருந்த வேளையில், எதிர்ப்புக்கள் எழவே அது நிகழ்ச்சியிலிருந்து விலக்கப்பட்டது. அப்படத்தின் கருத்தோடு பலருக்கு ஒவ்வாமை இருந்தது, இருக்கலாம். ஆயின், பார்த்த பின் எதிர்ப்பதன்றோ முறை? பிறர் நமக்கு இட்ட தடையைக் கண்டிக்கும் நாம், நமக்குப் பிடிக்காத படத்துக்குத் தடையிட்டால், நம் வாதத்தின் வேரை நாமே வெட்டியவராவோம்.

படமெடுப்போரிடமும் ஒரு சொல். பணம் திரட்டுவதற்கே ஆண்டுகள் கழிகின்றன. அதனை நாம் அறிவோம். ஆனால் படம் முடிந்த பின்பும், வெளிநாட்டு விழாக்கள் 'முதற் காட்சி' கேட்கின்றன என்பதற்காக அதனைப் பெட்டியிற் பூட்டி வைக்கும் வழக்கம் வளர்ந்து வருகிறது. ஐரோப்பிய நகரங்களைச் சுற்றிவந்து, கொழும்பைத் தொட்டு, ஈற்றில் ஒருவேளை ஹற்றனை அடைகிறது படம். அதற்குள் படத்தில் பேசிய கிழவர் மறைந்து விடுகிறார். தம் முகத்தையும் குரலையும் வழங்கியவருக்குக் கைம்மாறு இதுவோ?

செய்ய வேண்டியது யாது?

நாம் கேட்பவை சில. மலைநாட்டு மக்களைப் பற்றிய படம் எந்தத் தோட்டத்தில் எடுக்கப்பட்டதோ, அங்கேயே, அன்றி அதற்கு அண்மையிலுள்ள நகரத்திலே, அதன் முதற் காட்சிகளுள் ஒன்று நடைபெறல் வேண்டும். இலாப நோக்கமற்ற விவரணக் காட்சிகளுக்கு அனுமதி கேட்டால் இத்தனை நாளுக்குள் முடிவு கூறவேண்டும், மறுப்பின் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று சட்டத்திலே எழுதப்படல் வேண்டும். தோட்ட மைதானங்களும் மண்டபங்களும் மக்களின் கலை நிகழ்ச்சிகளுக்குக் கேள்வியின்றித் திறக்கப்படல் வேண்டும். மலையகத்தின் வாக்கைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றோர் இவற்றைச் சபையிற் பேசட்டும்.

எஞ்சியதைச் செய்யவேண்டியோர் நம் வாசகரே. சட்டத்தரணிகளே, அனுமதி மறுக்கப்படும்போது நீதிமன்றப் படியேறுங்கள். 1937-இலும் 2001-இலும் அப்படிகள் பயன் தந்தன. ஆசிரியர்களே, மருத்துவர்களே, ஒரு சிறிய படவீழ்த்தியும் ஒலிபெருக்கியும் வாங்குவது உங்களிற் பத்துப் பேர் கூடினால் ஆகாத காரியமன்று. உழவர் பெருமக்களே, இது தோட்டத்தாரின் விவகாரம் என்று ஒதுங்காதீர்கள். 1958-ஆம், 1977-ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலையிலிருந்து விரட்டப்பட்டோர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உங்கள் அயலிலேயே காடு வெட்டிக் கழனி செய்தனர். உங்களுட் பலர் அவர்களின் மக்களே. 1964-இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் கடல் கடத்தப்பட்டோர் நீலகிரியிலே இன்றும் கொழுந்து பறிக்கின்றனர். அவர்களுடைய கதையும் இக்கதையே. உங்கள் சனசமூக நிலையங்களிலும் இப்படங்கள் ஓடட்டும்.

1823-இல் தொடங்கியதெனக் கொள்ளப்படும் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவு கூர்ந்து, 2023-இல் நம் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். முன்னோர் நடந்த பாதையைத் தம் காலாலே மீண்டும் அளந்தனர். தம் வரலாற்றைப் பிறர் சொல்லக் கேட்கும் காலம் போதும் என்பதே அந்த நடையின் பொருள். அவ்வரலாறு படமாகி எங்கோ ஒரு நகரத்துக் குளிரூட்டிய அரங்கில் ஓடிக்கொண்டிருக்க, அதற்கு உரியவர்கள் லயத்து வாசலில் இருட்டில் அமர்ந்திருப்பதா? அடுத்த மாசியிற் காமன் கூத்துக்குக் களம் துப்புரவாக்கும்போது, அதன் ஒரு மூலையிலே திரை கட்டவும் இரண்டு கம்புகள் நடப்படட்டும்!