கப்பல் மணியில் உள்ள பெயர்

கைப்பேசியும் கையுமாக இருக்கும் இளைஞரைக் கண்டதும் முகஞ்சுளிக்கும் ஆசிரியர் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் யான். இணையத்தில் உலாவுதல் வீணே பொழுது கழித்தல் என்று நம்மவரிற் பலர் முடிவு கட்டிவிட்டனர். புத்தகக் கடையில் நின்றபடியே ஏடு புரட்டுவோனையும் ஒரு காலத்தில் இவ்வாறே இகழ்ந்தனர். தேடாத பொருள் ஒன்று தானே கைக்கு வந்து சேரும் இன்பம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. ஆதலால் உலாவலாமா, ஆகாதா என்பது பற்றி ஈண்டு யான் வழக்காடப் போவதில்லை. உலாவிக் கண்டதை நாம் எவ்வாறு வாசிக்கிறோம், அதனை அடுத்தவர்க்கு அனுப்புங்கால் எதனை விட்டுவிடுகிறோம் என்பதே என் பேச்சு.

மன்னார்க் கடலோரத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. மறிச்சுக்கட்டியில் 1905 ஆம் ஆண்டு நடைபெற்ற முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் ஒரு பங்கு குளித்தோர்க்கு. எஞ்சிய இரு பங்கும் அரசுக்கு. அரசின் பங்கை ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று, வாய் திறவாத நிலையிலேயே ஏலங் கூறுவார்கள். வாங்கியவன் அவற்றை அழுகவிட்டுக் கழுவிப் பார்க்கும்வரை உள்ளே இருப்பது முத்தோ வெறுஞ் சதையோ அறியான். இக்காலத்தில் நாள்தோறும் நம் கைக்கு வரும் வியத்தகு செய்திகளும் வாய் திறவாச் சிப்பிகளே. ஆயின் ஒரு வேறுபாடு. சிப்பி வாங்கியவன், நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு, திறந்தாவது பார்த்தான். நாமோ திறவாமலே அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுகிறோம்.

முதலில் நம் வாசலிற் கிடைத்த பொருளொன்றைச் சொல்வேன். திருக்கேதீச்சரம் அமைந்துள்ள மாந்தையில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் என்பார் தலைமையில் அகழ்வு நடந்தது. போர் அதனை நிறுத்திற்று. பின்னர் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அங்கு மீண்டும் மண் தோண்டப்பட்டது. அலசி எடுத்த தானியங்களிடையே கோதுமை இருந்தது, மிளகு இருந்தது, ஒரேயொரு கராம்பும் இருந்தது. அக்கராம்பு கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்தது என்றும், ஆசியாவில் அகழ்ந்தெடுத்த கராம்புகளுள் அதுவே மிகப் பழையது என்றும் ஆய்வாளர் 2018 ஆம் ஆண்டில் எழுதினார்கள். அந்நாளில் கராம்பு விளைந்தது இந்தோனேசியாவைச் சேர்ந்த மலுக்குத் தீவுகளில் மட்டுமே. அத்தனை கடலையும் கடந்து வந்து, எவர் கையிலிருந்தோ தவறி, நம் மாந்தை மண்ணிலே ஆயிரம் ஆண்டு கிடந்திருக்கிறது! எங்கள் நறுவிலிக்குளத்துக்கு அணித்தே உள்ளது மாந்தை. எனினும் எகிப்தின் கூர்நுதிக் கோபுரங்களைப் பற்றிப் பத்து வியப்புகள் சொல்லவல்ல மாணவர் இக்கராம்பை அறியார். கராம்பு யாருடைய பெருமையையும் பறைசாற்றவில்லை. ஆகவே அதனை எவரும் எவர்க்கும் அனுப்புவதில்லை.

நிற்க. அளவுக்கு மிஞ்சி அனுப்பப்படும் பொருள் ஒன்றுளது. அது நியூசிலாந்தின் தலைநகராகிய வெலிங்டனில், தே பாப்பா என்னும் தேசிய அரும்பொருட் காட்சிச்சாலையில் உள்ள வெண்கல மணி. சாணுக்குக் குறைந்த உயரம், உடைந்த மணி. 1836 ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலன்சோ என்னும் கிறித்தவத் தொண்டர் அந்நாட்டின் வடபகுதியில், வங்கரை என்னும் ஊரின் பக்கத்தே, மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவிக்கும் பாத்திரமாக இதனைப் பயன்படுத்தக் கண்டார். இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். பெருங்காற்றில் வீழ்ந்த மரத்தின் வேரடியில் அது கிடைத்ததாக அம்மக்கள் சொன்னார்கள் என்பர். கொலன்சோ அச்சுத் தொழில் வல்லவர். 1837 இல் மாவோரி மொழியிற் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். எழுத்தோடு வாழ்ந்த அம்மனிதர் மணியின் விளிம்பைச் சுற்றி ஓடிய எழுத்தைப் படிக்க இயலாமல் வைத்திருந்தது நினைக்கத்தக்கது. தமிழறிந்தோர் கண்ணிற் பட்ட பின்னரே எழுத்து இன்னதென்று தெளிந்தது. 1899 இல் அவர் காலமானபோது மணி அவர் விருப்பப்படி அரும்பொருட் சாலையைச் சேர்ந்தது.

அண்மையில் என் வகுப்பு மாணவன் ஒருவன் இம்மணியின் படத்தோடு வந்த செய்தியைக் காட்டினான். 1769 இல் நியூசிலாந்துக் கரையை அடைந்த குக்கு மாலுமிக்கு முன்பே தமிழன் அங்கே சென்றுவிட்டான். அவனுடைய கடற்படை உலகையே வலம்வந்தது. இதனைப் பகிராதவன் தமிழனே அல்லன் – இவ்வாறு சென்றது அச்செய்தி. வியப்புக்குறிகள் வரிக்கு மூன்று. மணியில் எழுதியிருப்பது என்ன என்பது மட்டும் அதில் இல்லை.

மணியில் எழுதியிருப்பது, முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி என்பதாகும். இதுவே பொதுவாகக் கொள்ளப்படும் வாசிப்பு. பண்டிதன் என்ற முறையில் முதற்கண் என்னைக் கவர்ந்தது அந்த இரட்டை ‘உடைய’ தான். ஆறாம் வேற்றுமைக்கு அது என்னும் உருபு இருக்க, உடைய என்னும் சொல்லுருபை ஒருமுறைக்கு இருமுறை அடுக்கியிருக்கிறான் எழுதியவன். இது புலவன் எழுதியதன்று, துறைமுகத்துத் தமிழ். தேர்வுத்தாளில் வந்தால் செம்மையிட்டிருப்பேன்; மணியில் வந்தமையால் மகிழ்ந்தேன். இலக்கண வகுப்பிற் காணமுடியாத, உயிருள்ள மனிதனின் வாய்ப்பேச்சு அங்கே வெண்கலத்தில் உறைந்து கிடக்கிறது.

அடுத்தது பெயர். முகையதீன் என்பது இசுலாமியப் பெரியார் அப்துல் காதிறு ஜீலானி அவர்களின் சிறப்புப்பெயர். வக்குசு என்று எழுதப்பட்டது பாரசீகத்துப் பக்‌ஷு, கொடை என்னும் பொருளது. கப்பலுடையான் பெயரோ, கப்பலின் பெயரோ, எதுவாயினும் ஆகுக. நாகப்பட்டினம், காயல்பட்டினம், கீழக்கரை முதலாய துறைகளிலிருந்து மரக்கலம் ஓட்டிய தமிழ் முசுலிம்களின் உலகத்தைச் சேர்ந்த பெயர் அது. கீழக்கரையாரை நாம் அறியாதவரா? முத்துக்குளிப்புக் காலந்தோறும் மறிச்சுக்கட்டிக்கும் சிலாபத்துறைக்கும் வந்து நம் கடலில் மூழ்கியவர்களுள் அவ்வூர் முசுலிம்களும் இருந்தனர். தூத்துக்குடிப் பரதவரும் இருந்தனர்.

மணி கிடைத்தமையால் தமிழர் நியூசிலாந்து சென்றனர் என்று துணிதலும் கூடாது. கப்பல் விலைக்குப் போகும். பிறர் கையில் அகப்படும். ஆளற்று மிதந்து கரையொதுங்கும். கப்பலை விட்டு மணி மட்டுமே பல கை மாறுதலும் உண்டு. எழுத்தின் அமைதி கொண்டு ஐந்நூறு ஆண்டுப் பழைமை சொல்வோரும் உளர். அவ்வளவு முந்தியதன்று என்போரும் உளர். ஆனால் எனக்கு மனக்குறை தருவது இம்மிகைக் கூற்று அன்று. மிகைக்கூற்றைக் காலம் தேய்த்துவிடும். தமிழின் பெருமைக்குச் சான்றாக மணியைத் தூக்கிக் காட்டும் கை, மணியின்மேல் தமிழிலேயே எழுதியுள்ள பெயரை மறைக்கிறதே, அதுவே என் குறை. தமிழெழுத்தை அத்தொலைவுக்குக் கொண்டுசென்ற கப்பல் முகையதீன் பெயரைத் தாங்கியது. செய்தியை அனுப்பியவர்க்கு எழுத்து வேண்டும், பெயர் வேண்டாம்.

வேறிடத்தில் இதனைக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். மன்னாரில் விடமுடியாது. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முசுலிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர், சில நாள் தவணையில், சில ஊர்களில் சில மணிநேரத் தவணையில், பிறந்த மண்ணை விட்டுச் சென்றார்கள். எருக்கலம்பிட்டியும் முசலியும் வெறிச்சோடின. புத்தளத்துக் கூடாரங்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009 இல் போர் முடிந்த பின்னர் ஒரு சாரார் மீண்டனர். காடு மண்டிய காணிகளுக்கு மீண்டனர். அவர்கள் பேசியதும் தமிழ். பிள்ளைகள் படித்ததும் தமிழ். அச்செயல் நடந்தபோது நம் புலவருலகம் பெரும்பாலும் வாளாவிருந்தது. இன்று படத்தை வெட்டிப் பெயரை விட்டு அனுப்பும் இளைஞன் அச்செயலை அறிந்திருக்கவே மாட்டான். அவனுக்கு அதனைச் சொல்லவேண்டியது ஆசிரியர் கடன் அன்றோ? தமிழர் என்ற சொல்லின் எல்லையை எங்கே வரைகிறோம் என்னும் கேள்வி பாடநூலில் எழுவதைவிட இத்தகைய சிறு செய்திகளிலேதான் எழுகிறது. அங்கே விடை காணாவிடின் பிறகு கேட்டுப் பயனில்லை.

காலியிற் கிடைத்த கல்லையும் இங்கே நினைவூட்டுவேன். சீனக் கடற்றலைவர் செங் ஹோ 1409 ஆம் ஆண்டைக் குறித்துப் பொறித்துக் கொண்டுவந்த அக்கல் 1911 இல் கண்டெடுக்கப்பட்டது. அதுவரை மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்தது. மணி கிழங்கு அவிக்க, கல் மதகை மூட! அதில் மூன்று மொழிகள் உள. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனைத் தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாத்தைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. கொழும்பு தேசிய நூதனசாலையில் இன்றும் காணலாம். மூன்றில் ஒன்றை மட்டும் படம்பிடித்து அனுப்புவோர் அங்கும் உளர்.

விட்டவர்களைப் பற்றி இவ்வளவு சொன்ன பின், சேர்த்து வைத்தவர்களைப் பற்றிச் சொல்லாதிருத்தல் முறையன்று. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அச்சாம்பரை நினைந்து அழுதோர் பலர். அழுதபின் எழுந்து வேலை செய்தோர் சிலர். 2005 இல் இளைஞர் சிலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் அவ்வேலையின் பயன். ஊதியம் கருதாது, பழைய நூல்களையும் இதழ்களையும் பள்ளி மலர்களையும் தாள் தாளாகப் படியெடுத்து இணையத்தில் வைத்தார்கள். யாழ்ப்பாணத்து நூல் மட்டுமன்று; மலையகத்தார் நூலும் முசுலிம் மக்களின் இதழ்களும் அங்கே ஒரே கூரையின் கீழ் உள்ளன. இவ்வாறே தமிழ் விக்கிப்பீடியாவை 2003 இல் ஏறத்தாழத் தனியொருவராக நின்று கட்டத் தொடங்கியவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். கட்டடக் கலைஞரான அவர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தபடியே ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். 2015 ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதைக் கனடாத் தமிழிலக்கியத் தோட்டம் அவருக்கு அளித்தது. இவர்களும் இணையத்தில் உலாவியவர்களே. உலாவிய இடத்தில் இல்லாததைக் கண்டார்கள். அதனைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

எங்கள் ஊர்ப் பெயரை இட்டுத் தேடினால் வருவது நிலப்படமும் சில அறிவித்தல்களுமே. நறுவிலி என்பது ஒரு மரம். அதன் பழத்துப் பசை கொண்டு கொப்பி ஒட்டியும் பட்டம் ஒட்டியும் வளர்ந்தவர் எங்கள் தலைமுறையினர். மரத்தையும் குளத்தையும் சேர்த்து ஊருக்குப் பெயரிட்ட மூதாதையர் யாரென்று எழுதிவைத்தார் இலர். ஆதலால் இவ்வாண்டு என் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு வழமையான கட்டுரைத் தலைப்புகளை விட்டு வேறொரு பயிற்சி கொடுத்துள்ளேன். வங்காலை தொடங்கி அரிப்பு, சிலாபத்துறை வரையுள்ள கரையில் நிற்கும் படகுகளின் பெயர்களைத் தொகுத்தல் வேண்டும். புனிதர் பெயரும், பேத்தி பெயரும், அவுலியாக்கள் பெயரும், சினிமா நடிகர் பெயரும் கலந்து வரும் என்பது அறிவேன். பெயரிட்டவர் யார், ஏன் இட்டார் என்று உடையவரிடம் கேட்டு எழுதுக. உடையவர் விரும்பாவிடின் பெயரை மட்டும் எழுதுக என்று சொல்லியிருக்கிறேன். முசலிப் பள்ளிகளின் ஆசிரியர்களும் மன்னார்த் தீவின் ஆசிரியர்களும் இதிற் சேர்ந்துகொள்ள விரும்பின் வரவேற்பேன். தொகுத்தது முடிந்ததும் நூலகத்துக்கு அனுப்பலாம். மாணவர்க்கு இட்ட விதி ஒன்றே: படகில் உள்ளதை உள்ளவாறே எழுதுக, புள்ளி இல்லையாயின் இடாதே, ‘உடைய’ இரண்டு இருப்பின் இரண்டையும் எழுது.