மந்தபுத்தியா?

பிள்ளைகளைக் கண்ணால் கற்போர், காதால் கற்போர் எனக் கூறுபடுத்திப் போதிக்கும் வழக்கம் ஒன்று எங்கும் பரவியிருக்கிறது. அதனால் கல்வி சிறக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லையென்று அமெரிக்க மனோதத்துவ நிபுணர் நால்வர் 2008இலேயே ஆராய்ந்து கூறினர். மெய்யான வேற்றுமை வேறிடத்தில் இருக்கிறது.

புத்தியில் குறைவற்ற சிறுவன் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறுகிறான். வாய்மொழியாய்க் கேட்டால் தெளிவாய் விடை பகர்கிறான். எழுதினாலோ பிழை மலிகிறது. டிஸ்லெக்ஸியா எனப்படும் இவ்விடர்ப்பாட்டை அறியாத உபாத்தியாயர், 'மந்தபுத்தி' என்று பட்டம் சூட்டி அவனைக் கடைசிப் பெஞ்சுக்கு அனுப்பிவிடுகிறார். இதனினும் அநீதி உண்டோ?

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனை அங்கீகரித்தது. பள்ளிக்கூடங்கள் இவ்விடர்ப்பாட்டை விரைவிற் கண்டறிந்து தக்கவாறு போதிக்கும்படி செய்யச் சர்க்கார் முயல வேண்டுமென அதன் 16ஆவது பிரிவு விதிக்கிறது. நன்று. ஆயினும், கண்டறிய வேண்டியவர் வகுப்பில் நிற்கும் உபாத்தியாயர் அன்றோ? அவரைப் பயிற்றாவிடில் சட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

பரீட்சையில் கூடுதல் நேரம் அளிப்பது சலுகையென முணுமுணுப்போரை ஒன்று கேட்கிறோம்: மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுதென்று எந்தப் பிள்ளைக்கேனும் கட்டளையிடுவீர்களா? ஒவ்வொரு பள்ளியிலும் இதிற் பயின்ற உபாத்தியாயர் ஒருவரேனும் இருக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை பொதுஜனங்கள் ஓயலாகாது.