வண்டிக்கு வயது என்ன?

கோம்பையில் மாடு வாங்குகிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். மோட்டார் சைக்கிளுக்குப் பல் ஏது? பெயிண்ட் அடித்து, சீட் உறை மாட்டிவிட்டால் கிழவனும் குமரன்தான்!

விற்றவர் "7 வயது" என்கிறார். உண்மையில் 12 என்றால்? பதிவு 15 ஆண்டுதான் செல்லும். பிறகு சோதனை காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதுவும் 5 ஆண்டுக்குத்தான். ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்துச் சேர்த்த காசு என்ன ஆகும்?

பணம் கொடுத்துவிட்டாலும் பார்க்கலாம். ஆர்.சி.யில் பதிவு செய்த நாள் இருக்கும். வண்டி தயாரான மாதமும் ஆண்டும் தனியாக இருக்கும். அதுதான் பிறந்த தேதி. பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

அடுத்து, ஹாண்டில் பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியைத் துணியால் துடையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சேஸிஸ் எண் அங்கே பொறித்திருக்கும். இக்கால வண்டிகளில் அதற்கு 17 இடம். தயாரான ஆண்டைக் குறிக்கும் எழுத்து எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டீலரைக் கேட்கலாம். இந்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். சுரண்டிய தடம் தெரிந்தால் விஷயம் வேறு. அது திருட்டு வண்டியாகவும் இருக்கலாம்!

டயரில் "2319" என்று இருந்தால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் என்று பொருள். அது டயரின் வயது, வண்டியின் வயது அல்ல.

வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்யவேண்டும். அதற்கு முன்பே துடைத்துப் பார்த்துவிடுவது நல்லது.