சுத்தம் செய்யும் மெஷினை யார் சுத்தம் செய்வது?

வட இந்தியாவில் தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போதே ஒரு ஜுரம் ஆரம்பிச்சுடும். 'தீவாலி கி சஃபாய்' என்று அதற்குப் பெயர். நமக்குப் போகி ஒரே நாள். விடிகாலையில் பழசைக் கொளுத்தி, வீட்டை அலம்பி விட்டால் மறுநாள் பொங்கல் பானை. இங்கே அப்படிச் சுலபமா முடியாது. தில்லி, காஜியாபாத், லக்னோ எங்கே பார்த்தாலும் சோபா பால்கனிக்கு வரும், ரஜாய் மொட்டை மாடிக்குப் போகும், டிரங்குப் பெட்டிகள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். பெயிண்டர் கையில் கிடைக்க மாட்டார். கபாடிவாலா ஒரு நாளைக்கு நாலு தடவை தெருவில் சத்தம் போட்டுக்கொண்டு போவார்.

இதை மூட நம்பிக்கை என்று ஒதுக்க மாட்டேன். அழுக்கு வீட்டுக்குள் லட்சுமி வரமாட்டாள் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த ஊர் தட்பவெப்பத்துக்கு இதுதான் சரியான நேரம். கோடையில் 'ஆந்தி' அடிச்சுக் கொண்டுவந்து கொட்டின மண்ணு, அதன்மேல் மழைக்கால ஈரம், இரண்டும் காய்ஞ்சு, குளிர் வந்து ஜன்னலை மூடறதுக்கு முன்னாடி கிடைக்கிற இடைவெளி அக்டோபர்தான்.

என் வருத்தம் வேறே. இவ்வளவு கூத்திலும் வீட்டில் ஒரு கூட்டம் மட்டும் தூசியோடயே உட்கார்ந்திருக்கு. வாஷிங் மெஷின், வேக்குவம் கிளீனர், சமையலறைச் சிம்னி, எக்ஸாஸ்ட் ஃபேன். வீட்டைச் சுத்தமா வைக்கத்தான் இவற்றை வாங்கினோம். ஆனா இவற்றைச் சுத்தம் செய்ய யாருக்கும் தோன்றுவதில்லை. தந்தேரஸ் அன்னிக்கு லட்சுமி என்று சொல்லிப் புதுத் துடைப்பம் வாங்குவார்கள். நம்ம ஊரிலும் துடைப்பத்தைக் காலால் மிதிக்க விடமாட்டார்கள். துடைப்பத்துக்கு இருக்கிற மரியாதை முப்பதாயிரம் ரூபாய் மெஷினுக்கு இல்லை!

பேங்க்காரன் என்பதால் எனக்கு எல்லாமே லோன் அக்கவுண்ட் மாதிரிதான் தெரியும் (தங்கமணியின் நிரந்தரப் புகார்). எங்கள் வேலையில் ஒரு கடன் தவணை 90 நாளைக்கு மேல் கட்டப்படாமல் நின்றால் என்.பி.ஏ. ஆனால் 91-ஆம் நாள் திடீர்னு யாரும் விழுவதில்லை. அதற்கு முன்னாடியே எஸ்.எம்.ஏ. 0, 1, 2 என்று மூணு படி வைத்து, தடுமாற ஆரம்பிச்ச கணக்கைக் கவனிக்கச் சொல்லியிருக்கு ரிசர்வ் வங்கி. வீட்டு மெஷினும் அதேதான். சாகறதுக்கு முன்னாடி மாசக்கணக்கா சொல்லிக்கிட்டே இருக்கும். நாமதான் கேட்கறதில்லை.

வேக்குவம் கிளீனரின் சத்தம் மாறி, இழுக்கும் சக்தி குறைந்தால் எஸ்.எம்.ஏ. 0. முக்கால்வாசி நேரம் பை நிரம்பியிருக்கும், இல்லேன்னா ஃபில்டர் அடைச்சிருக்கும். அதையும் மீறி ஓட்டினால் மோட்டார் சூடாகும். பெரும்பாலான மாடல்களில் உள்ளே இழுக்கிற காற்றுதான் மோட்டாரையும் குளிர வைக்கிறது. காற்று நின்றால் மோட்டார் வேகும். பை மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்போதே மாற்றிவிடலாம். கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் மாட்டணும். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி ஒட்டும், நாறும். இன்னொன்று, தீபாவளிக்கு முன்னாடி சுவரில் புட்டி தேய்ச்ச மாவுத் தூசியை வீட்டு வேக்குவத்தில் இழுக்கவே கூடாது. அந்த நைஸ் தூசி ஃபில்டரை நிமிஷத்தில் அடைச்சுடும். அதை ஈரத் துணியால் எடுப்பதுதான் சரி.

வாஷிங் மெஷின் கதை கொஞ்சம் பெரிசு. இங்கே பல இடங்களில் நிலத்தடி நீர்தான், கடின நீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைக்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. போர்வெல் தண்ணி வரும் அபார்ட்மெண்ட்டில் பக்கெட் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று புரியும். அந்தச் சுண்ணாம்புதான் மெஷினுக்குள் ஹீட்டர் மேலேயும் படிகிறது. ஹீட்டருக்கும் தண்ணிக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பினால் சூடு தண்ணிக்குப் போகாது. கரண்ட் கூட இழுக்கும், ஹீட்டர் சீக்கிரம் போகும்.

இதற்கு வைத்தியம் சிட்ரிக் ஆசிட். இந்தப் பக்க மளிகைக் கடைகளில் 'நிம்பூ கா ஃபூல்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். துணி இல்லாத காலி டிரம்மில் நூறு கிராம் போட்டு, சூடான தண்ணீரில் ஒரு ஓட்டு. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும். (உங்கள் மெஷினின் கையேட்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள், என்னை அல்ல :-)) முன்பக்கக் கதவு மெஷின் என்றால் இன்னும் மூணு வேலை:

1. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் மடிப்பைத் துணியால் துடைப்பது. கறுப்புப் பூஞ்சை வளர்வது அங்கேதான். துவைச்சு முடிச்சதும் கதவையும் சோப்பு டிராயரையும் கொஞ்சம் திறந்தே வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

2. கீழே ஒரு மூலையில் சின்ன மூடிக்குப் பின்னால் வடிகால் ஃபில்டர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணி ஆறினதும், அடியில் ஒரு தட்டும் பழைய டவலும் வைத்துத் திறக்கணும். சில்லறைக் காசு, ஹேர்பின், சட்டைப் பட்டன், நூல் கத்தை எல்லாம் வரும்.

3. பின்னால் தண்ணி உள்ளே வரும் குழாய் முனையில் ஒரு சல்லடை. குழாயை மூடிவிட்டுக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ச்சா மண்ணு வந்துடும். "தண்ணி மெதுவா வருது" என்று சர்வீஸுக்குப் போன் போடறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

மாற்றலில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. முன்பக்க மெஷினோடு வரும் நீளமான டிரான்சிட் போல்ட்டுகளைப் பத்திரமா வச்சுக்குங்க. வீடு மாறும்போது அவற்றை மறுபடி மாட்டி டிரம்மைக் கட்டிப்போடாமல் லாரியில் ஏற்றினால், டிரம் ஆடி ஆடி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அடி வாங்கும். பேக்கர்ஸ் ஆள் அதைக் கேட்கவே மாட்டார்.

இப்போ கணக்குக்கு வருவோம். ஒரு மெஷின் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 3,000. அஞ்சு வருஷத்தில் செத்தால் 6,000. வித்தியாசம் வருஷத்துக்கு 3,000 ரூபாய். "அதுக்குத்தான் ஏ.எம்.சி. போட்டுட்டேனே" என்பார்கள். ஏ.எம்.சி. 2,500 என்றால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 2,950. மிச்சம் 50 ரூபாய்! அதிலும் பல ஒப்பந்தங்களில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் சேராது. கெட்டுப்போவது பெரும்பாலும் அவைதான். தப்பு ஒப்பந்தத்தில் மட்டும் இல்லை. ஏ.எம்.சி. என்பது கெட்டுப்போனால் ஆள் வருவதற்கான ஏற்பாடு. கெடாமல் பார்த்துக்கொள்வது நம்ம வேலை. ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தாச்சுன்னு யாராவது பல் தேய்க்கிறதை நிறுத்துவாங்களா?

இது காசு சம்பந்தப்பட்டது மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். யார் மூச்சு விடுகிறார்கள் என்பதும் இதில் இருக்கு.

வேக்குவம் கிளீனர் வந்த கதை தெரியுமா? 1901-ல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் செய்தது குதிரை வண்டியில் வரும் ராட்சச மெஷின். தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியா குழாயை உள்ளே விட்டுத் தூசியை இழுக்கும். கையால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மின்சார மெஷினை உருவாக்கியவர் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில், ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர். அவருக்கு ஆஸ்துமா. கார்ப்பெட் பெருக்கும்போது பறக்கும் தூசி தாங்காமல், ஃபேன் மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை இவற்றை வைத்து ஒன்றைக் கட்டினார். 1908-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை வாங்கியவர்கள்தான் ஹூவர் குடும்பம்.

அதாவது பெருக்குகிறவரின் நுரையீரலைக் காப்பாற்ற வந்த மெஷின் இது. நம்ம வீடுகளில் அது அட்டைப் பெட்டியில் தூங்குது. அல்லது பை கிழிஞ்சு, இழுத்த தூசியைப் பின்பக்கமா அறைக்குள்ளேயே துப்புது. வேலைக்கு வரும் அம்மா மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஒட்டடை அடிக்கிறார். தீபாவளிக்கு முந்தின மூணு வாரம் அவருக்கு நாலு வீட்டிலும் இதே வேலை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று குழு அமைத்து ஆராயும்படி மத்திய அரசிடம் சொன்னது. சட்டம் வரும்போது வரட்டும். ஒரு நல்ல மாஸ்க், ரப்பர் கையுறை, கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளம், இதற்கெல்லாம் சட்டம் எதற்கு?

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒன்றாக ஊற்றவே கூடாது. "ரெண்டும் போட்டா நல்லா பளிச்சுனு ஆகும்" என்று சொல்கிற புத்திசாலிகள் எல்லா அபார்ட்மெண்ட்டிலும் உண்டு. வருவது பளபளப்பு இல்லை, குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத பாத்ரூமில் உட்கார்ந்து தேய்ப்பவருக்கு அது நெஞ்சைப் பிடிக்கும், உயிருக்கே ஆபத்தாகும். மேலே சொன்ன சிட்ரிக் ஆசிட்டுக்கும் இதே விதி. அதோடு பிளீச் சேரக்கூடாது. பாட்டிலில் இருக்கும் ஆங்கில எழுத்தைப் படிக்க முடியாதவர் கையில் அதைக் கொடுக்கும்போது, வாயால் சொல்லிக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

இன்னொரு தரப்பு நியாயத்தையும் சொல்லணும். "எவ்வளவு பராமரிச்சாலும் பாகம் கிடைக்க மாட்டேங்குது சார், புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டுப் போயிடறான்" என்பது உண்மைதான். ஒரு ஃபில்டருக்காக மாசக்கணக்கில் நானும் ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு அலைந்திருக்கிறேன். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022-ல் ஒரு குழு போட்டு, அந்த வருஷமே அதற்கு ஒரு இணைய தளமும் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதன் வரம்பில் உண்டு. பாகம் தர இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை அஞ்சு லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. பில்லையும் வாரண்டி கார்டையும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. நாம் கேட்காத வரைக்கும் "புதுசு வாங்குங்க" என்பதுதான் அவர்கள் பதிலாக இருக்கும்.

கடைசியா என் யோசனை. புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம். நம்மகிட்டயே ஆயுத பூஜை இருக்கு. சைக்கிளிலிருந்து லேத் வரை எல்லாவற்றையும் துடைச்சு, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைக்கிற நாள். இந்தப் பக்கம் தொழிற்சாலைகளில் செப்டம்பர் 17 வாக்கில் விஸ்வகர்மா பூஜை, அதே காரியம். வீட்டு மெஷின்தான் இரண்டிலும் விட்டுப்போச்சு. பொட்டு மட்டும் வச்சுட்டு விட்டுடறோம். ஆயுத பூஜை முடிஞ்சு வழக்கமா மூணு வாரத்தில் தீபாவளி. அதாவது இங்கே சஃபாய் ஆரம்பிக்கிற அதே நேரம். அன்னிக்குக் காலையில் முதலில் ஃபில்டரைக் கழுவி, டிரம்மைச் சுத்தம் பண்ணி, சிம்னியின் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துட்டு, அப்புறமா பொட்டு வைங்க. வீட்டுத் தலைவர்களே, மொத்தமா ரெண்டு மணி நேர வேலை. இதை வேலைக்கார அம்மா தலையிலயோ தங்கமணி தலையிலயோ கட்டாமல், ஸ்க்ரூ டிரைவரை நாமே எடுத்தா கூடுதல் புண்ணியம்.