தோணியும் கோணியும்

தமிழ் பயிலும் மாணவன் வானொலிக் கருவியைப் பற்றி எழுதப் புகுதல் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். சோதனைச்சாலையில் அவனுக்கு என்ன வேலை என வினவுவாரும் உளராவர். எழுத்துக்களின் பிறப்பைத் தொல்காப்பியப் பிறப்பியலிற் கற்ற நான், அவ்வெழுத்துக்கள் ஒரு கருவியினுள்ளே இறக்கக் கண்டேன். அக்காட்சியே இதனை எழுதத் தூண்டிற்று.

சென்ற மழைக்காலத்தில் எம் வானொலிக் கழகத்தார் வெள்ளக்காலச் செய்திப் பயிற்சியொன்று நடத்தினர். உரிமம் பெற்ற நண்பர் ஒருவர் கல்லூரிக் கருவியினின்று செய்திகளைப் படித்தார். ஊருக்கு வெளியே மற்றொருவர் கேட்டு எழுதினார். அவர் அருகே தாளும் மையும் கொடுத்துக்கொண்டு நான் இருந்தேன். "இரண்டு தோணி உடனே தேவை" என்பது அனுப்பிய செய்தி. "இரண்டு கோணி உடனே தேவை" என்பது எழுதப்பெற்ற செய்தி. பின்னர் இரு தாள்களையும் ஒப்பிட்டபோது அனைவரும் நகைத்தோம், நானும் நகைத்தேன். விடுதிக்குத் திரும்பும் வழியில் அந்நகைப்பு அடங்கிவிட்டது. மெய்யான வெள்ளமாயிருப்பின், கூரைமேல் நின்று கைகாட்டுவோருக்கு இரண்டு சாக்குகளன்றோ சென்று சேர்ந்திருக்கும்!

இது வீண் அச்சமன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, அங்கே முன்னரே சென்றிருந்த அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாத் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை அனுப்பி உதவினர். தொலைபேசி வாய்மூடிய நாளில் வானொலியின் வாய் திறக்கும். அவ்வாய் குழறலாகாது என்பதே என் கவலை.

பிழையின் வேரைத் தேடினோம். பயிற்சிக்கு முந்திய வாரத்திலேதான் நண்பர் ஒலிவாங்கிக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் இடையே ஈக்குவலைசர்ப் பலகையொன்றைப் பொருத்தியிருந்தார். இதனைத் தமிழில் ஒலிச் சமனாக்கி எனலாம். குரலிலுள்ள தாழ்ந்த ஒலி, இடையொலி, உயர்ந்த ஒலி என்பவற்றைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் வல்லது அது. எம் பலகையில் 100, 200, 400, 800, 1600, 3200 ஹெர்ட்ஸ் என ஆறு பகுதிகளும், பகுதிக்கொரு கைப்பிடியும் உண்டு. நண்பர் பொருத்திய முறையிற் குறையொன்றுமில்லை. ஒலிக்கம்பிகளுக்கு உலோக உறையிட்டிருந்தார். இரைச்சல் புகாதவாறு தரையிணைப்பை ஓரிடத்திலேயே முடித்திருந்தார். டிரான்ஸ்மிட்டரின் அலை மீண்டும் பலகையினுட் புகாதவாறு கம்பிகளை ஃபெரைட் வளையங்களிற் சுற்றியிருந்தார். கைத்திறன் பழுதற்றது. பழுதுற்றது அளவு. 100, 200 ஆகிய இரு கைப்பிடிகளையும் உச்சிக்கு ஏற்றி, "இப்பொழுது என் குரல் எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது!" என மகிழ்ந்திருந்தார்.

ஈண்டுதான் நான் வழக்காட விரும்புகிறேன். செய்தி வானொலியில் ஒலிச் சமனாக்கி பேசுவோனுடைய அணிகலன் அன்று, கேட்போனுடைய உரிமை. அதனை அளவு செய்யும்போது பேசுவோனின் மகிழ்ச்சியை விட்டுக் கேட்போனின் தெளிவையே நோக்குதல் வேண்டும்.

காரணம் கூறுவேன். மனிதக் குரலின் வலிமையிற் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது. அஃது உயிரெழுத்துக்களின் செல்வம். சொல்லுக்குச் சொல் வேற்றுமை காட்டும் மெய்களின் அடையாளமோ பெரும்பாலும் அதற்கு மேலே, மெலிந்த ஒலிகளில் உள்ளது. பெல் தொலைபேசி ஆய்வகத்தைச் சார்ந்த ஹார்வி பிளெட்சர், தாழ்ந்த ஒலிகளை வடித்து நீக்கினும் பேச்சு பெரும்பாலும் விளங்குதலையும், உயர்ந்த ஒலிகளை நீக்கின் வலிமை குன்றாதிருந்தும் பேச்சு விளங்காமற் போதலையும் சோதனையாற் காட்டினார். அவரது நூல் 1929இல் வெளிவந்தது. தமிழிற்கு இது மிகவும் பொருந்தும். "தோ" என்பதற்கும் "கோ" என்பதற்கும் உயிர் ஒன்றே. வேறுபாடு நாவும் அண்ணமும் பிரியும் ஒரு நொடிப்பொழுதில் அடங்கியுள்ளது. லகர ளகர ழகர வேறுபாடும் அத்தகைய நுண்மையுடையது. உயிர் பெருத்து மெய் மெலிந்தால், தமிழ் வெறும் முழக்கமாகிவிடும்.

இன்னுமொன்று. டிரான்ஸ்மிட்டரின் ஆற்றல் வரம்புடையது. படியளந்த அரிசிபோல, ஒருவருக்கு மிகுதியாக வார்த்தால் மற்றவருக்குக் குறையும். ஒரு கைப்பிடியை 12 டெசிபெல் ஏற்றினால் அப்பகுதியின் மின்னழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்கும், ஆற்றல் ஏறத்தாழப் பதினாறு மடங்கும் ஆகின்றன. ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் ஏறத்தாழ 300 முதல் 2700 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியே பெரும்பாலும் வெளிச்செல்கிறது. எனவே, ஏற்றிய 100 ஹெர்ட்ஸ் ஒலி கேட்போனை அடைவதேயில்லை. உள்ளிருக்கும் பெருக்கியைத் திணறச் செய்து, வேண்டிய மெய்யொலிகளையும் நசுக்கிவிட்டு, வடிகட்டியில் மடிகின்றது.

"செவிக்கு நன்றாயிருப்பதைச் செவியே அறியாதோ?" என்பர் சிலர். யாருடைய செவி என்று கேட்கிறேன். தன் குரலைத் தான் கேட்பவன் காற்றின் வழியாக மட்டுமன்றித் தலையோட்டின் எலும்பு வழியாகவும் கேட்கிறான். அவ்வழி தாழ்ந்த ஒலியை மிகுத்துக் காட்டுவது. ஆதலின் அவன் தன் குரலுக்கு நடுவனாக இருத்தற்குத் தகுதியற்றவன். மேலும், ஒலி மெலியுந்தோறும் தாழ்ந்த பகுதியைச் செவி குறைவாகவே உணரும் என்பதனைப் பிளெட்சரும் மன்சனும் 1933இல் வரைபடங்களாற் காட்டினர். ஆகவே செவியின் தீர்ப்பு ஒலியின் உரப்பிற்கேற்ப மாறும் தீர்ப்பாகும்.

இசை கேட்பார்க்கு இவ்வாதம் கடுமையாகத் தோன்றலாம். 15,000 ஹெர்ட்ஸ் வரை இடந்தரும் பண்பலை ஒலிபரப்பில் குரலின் முழு அழகையும் காத்தல் தக்கதே. குறுகிய வழியிலோ அழகும் தெளிவும் ஒருங்கே செல்ல இடமில்லை. ஒன்று விலகி நிற்றல் வேண்டும்.

எம் பலகையை நாங்கள் மீண்டும் அளவு செய்தோம். முதற்கண் கைப்பிடிகளனைத்தையும் நடுக்கோட்டில் நிறுத்தி, 1000 ஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்தி, பலகை வழிச் செல்லும் அளவும் பலகையை விலக்கிச் செல்லும் அளவும் ஒன்றாகும்படி செய்தோம். உரத்த ஒலி எப்பொழுதும் சிறந்ததுபோலத் தோன்றி ஏமாற்றும். அளவு ஒத்த பின்னரே ஒப்பீடு நேர்மையுடையதாகும். பின்னர் ஒவ்வொரு பகுதியையும் ஆஸிலாஸ்கோப்பில் நோக்கிக் கட்டத்தாளிற் குறித்தோம். 100, 200 இரண்டையும் இறக்கினோம். 1600ஐச் சிறிதும் 3200ஐ அதனினும் சிறிது மிகுதியாகவும் ஏற்றினோம். மிக ஏற்றினால் காதைக் குத்தும். இரைச்சலும் உடன் வளரும். இவையனைத்தும் அலையை வானில் விடாது வெப்பமாக்கும் சோதனைச் சுமையில் நிகழ்ந்தன.

நண்பர் தம் குரல் தகரக் குரலாயிற்றென வருந்தினார். அவர் வருத்தம் எனக்கும் வருத்தமே. ஆயினும் முன்னறியாத சொற்களை அவர் படிக்க, வேறொருவர் கேட்டு எழுதியபோது, தோணி தோணியாகவே வந்து சேர்ந்தது. பிழைகள் குறைந்தன; ஒழிந்தனவல்ல. லகர ளகர மயக்கம் சில நின்றன.

கருவியின் எல்லையையும் சொல்லுதல் வேண்டும். வடிகட்டி தள்ளியதைச் சமனாக்கி மீட்டுத் தராது. நியாயாதிபதிகள் ஆகமத்தில், யோர்தான் துறையிலே "ஷிபோலேத்" என்னும் சொல்லைச் "சிபோலேத்" என மொழிந்தோர் பிடிபட்டனர் என்று படிக்கிறோம். அவ்விரண்டு ஒலிகளையும் பிரிக்கும் அடையாளத்திற் பெரும்பங்கு 2700 ஹெர்ட்ஸுக்கு மேலே இருத்தலால், எம் கருவியின் வழியே அச்சோதனை நடந்திருந்தால் காவலர் பெரிதும் இடர்ப்பட்டிருப்பர். ஓரெழுத்தில் உயிர் தங்கும் இடங்கள் அன்றும் இருந்தன, இன்றும் உள்ளன. ஆதலின் முக்கியமான சொல்லை இருமுறை மொழிதலும், கேட்டோர் திருப்பிச் சொல்லுதலும் எந்தப் பலகையாலும் நீங்காத கடமைகள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். கழகத்தின் அளவுகோல்களுள் தமிழ்ச் சொற்பட்டி ஒன்றும் இடம்பெறுக. பாய், காய், கரை, கறை, பள்ளி, பல்லி என எழுத்தொன்றாற் பொருள் மாறும் சொற்களைத் தமிழ் மாணவர் தொகுத்தளிப்போம். ஒவ்வொரு முறை பலகையை அளவு செய்யும்போதும் அப்பட்டியைப் படித்துப் பார்க்க. முதற்பட்டியை நானே எழுதி வைத்துள்ளேன். அதன் தலைப்பில் நிற்கும் சொற்கள் எவையென அன்பர்கள் ஊகித்திருப்பர்.