குடிலுக்குக் கேழ்வரகு

நள்ளிரவுத் திருப்பலியா, அதிகாலை நாலரை மணி ஆராதனையா? டிசம்பர் பிறந்ததும் சென்னையிலும் கோவையிலும் பல இளம் வீடுகளில் இந்தப் பஞ்சாயத்து தொடங்கிவிடுகிறது. மனைவி தூத்துக்குடி கத்தோலிக்கக் குடும்பம். கணவர் நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. மனைவிக்கு, 24ஆம் தேதி ராத்திரி மணி அடித்துக் குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் குடிலில் வைத்தால்தான் கிறிஸ்துமஸ் பிறக்கும். கணவருக்கோ இருட்டோடு எழுந்து குளித்து, புதுச்சட்டைக் காலர் கழுத்தை அறுக்க, கோவிலுக்கு நடந்து போக வேண்டும். ஒரே சபையில் பெண் எடுத்தவர்களும் தப்ப முடியாது. கேக்கை முதலில் வெட்டுவதா, கோவிலுக்குப் போய்வந்து வெட்டுவதா? காலையில் இட்லியும் கறிக்குழம்புமா, இடியாப்பமும் பாயாவுமா? இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிரிப்பவர்கள், கல்யாணமான முதல் டிசம்பரை இன்னும் பார்க்காதவர்கள்.

குழந்தை பிறக்கும்வரை இதைச் சமாளித்துவிடலாம். ஒரு வருஷம் மாமியார் வீடு, மறுவருஷம் அம்மா வீடு. நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பிள்ளைக்கு மூன்று நான்கு வயதாகும்போதுதான் நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் எது என்ற கேள்வி வருகிறது. கூடவே ஒரு பயமும் வருகிறது: நாம் அனுபவித்ததெல்லாம் இதற்குக் கிடைக்காமல் போய்விடுமோ? அந்தப் பயத்தில்தான் இளம் பெற்றோர் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். மரம், குடில், நட்சத்திரம், கேக், ஐந்து வகைப் பலகாரம், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் உடுப்பு. 26ஆம் தேதி பார்த்தால் பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு இடுப்புவலி.

முதலில் அந்தப் பயத்தை விடலாம். பாரம்பரியம் என்று நாம் தூக்கிச் சுமப்பவற்றில் பல, ஏதோ ஒரு தலைமுறை புதிதாகச் சேர்த்துக்கொண்டவை. குடிலுக்கு வழிகாட்டியவர் அசிசியின் பிரான்சிஸ்; 1223இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற சிற்றூரில், வைக்கோலும் மாடும் கழுதையுமாகப் பெத்லகேமை ஊராரின் கண்முன் கொண்டுவந்தார். மரம் ஜெர்மானிய வீடுகளின் வழக்கம். விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த பிறகுதான் இங்கிலாந்தில் அது வீட்டுக்கு வீடு பரவியது. நம் பக்கத்தில், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ராகம் தாளம் போட்டு எழுதிய கீர்த்தனைகளும் ஒரு காலத்தில் புதுசுதான். இன்று அவற்றைப் பாடாமல் பண்டிகை ஆராதனை முடிந்தால் பெரியவர்கள் போதகரிடம் சண்டைக்குப் போவார்கள்.

எனக்குப் பிடித்தது நட்சத்திர விளக்கின் கதை. ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில் மொரேவிய சபையார் ஒரு விடுதிப் பள்ளி நடத்தினார்கள். பல முனைகள் கொண்ட காகித நட்சத்திரம், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே வடிவியல் பாடத்துக்காகப் பையன்கள் ஒட்டியது. மிஷனரிகளின் பிள்ளைகள் படித்த விடுதி அது. அப்பா அம்மா கடல் கடந்து எங்கோ இருந்தார்கள். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று நட்சத்திரம் ஒட்டிப் பழகிய அந்தப் பிள்ளைகள், வளர்ந்து தங்களுக்கென்று குடும்பம் ஆனதும் பழக்கத்தைக் கையோடு கொண்டுபோனார்கள். கடையில் விற்பனைக்கு வந்ததெல்லாம் பிறகுதான்.

அவர்களுக்கு யாரும் நட்சத்திரம் வாங்கித் தந்து கைதட்டச் சொல்லவில்லை. கத்தரியையும் பசையையும் கொடுத்து ஒட்டச் சொன்னார்கள். வழக்கம் ஒட்டிக்கொண்டதன் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம்மூரில் இப்போது நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். என்ன பரிசு கிடைத்தது என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. மூங்கில் பத்தையை நூலால் கட்டியது, மைதா பசை காய்ச்சும்போது அடிப்பிடித்தது, சிவப்புத் தாள் போதாமல் ஒரு முனைக்கு மட்டும் பச்சை ஒட்டியது, உள்ளே குண்டு பல்பு தொங்கவிட்டு மொட்டைமாடியில் கட்டியது, மறுநாள் மழையில் நட்சத்திரம் கரைந்தது. இவை எல்லாம் மூச்சுவிடாமல் வரும். சவுக்குக் கிளையை வெட்டி வந்து, எண்ணெய் டின்னில் செங்கல் துண்டு போட்டு நிறுத்தியதும் வரும். ஞாயிறு பள்ளி நாடகத்தில் தலையில் துண்டு கட்டி மேய்ப்பனாக நின்றவர், தனக்கிருந்த ஒற்றை வசனத்தை இன்றும் சொல்வார்.

குடிலுக்குப் புல் வளர்த்த வீடுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிசம்பர் இரண்டாவது வாரம், விளிம்புள்ள பழைய தட்டில் மண்ணும் மக்கிய சாணியும் பரப்பி, ஒரு ராத்திரி ஊறிய கேழ்வரகைத் தூவுவார்கள். மேலே ஈரச்சாக்கு. வீட்டில் ஆகச் சின்னவருக்குத்தான் தண்ணீர் தெளிக்கும் உத்தியோகம். ஆர்வம் தாங்காமல் சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்துத் திட்டு வாங்குவதும் அந்த உத்தியோகத்தில் சேர்த்தி. நாலைந்து நாளில் முளை கிளம்பும். 24ஆம் தேதி விரல் உயரத்துக்குப் பசேலென்று நிற்கும் அந்தத் தட்டைக் குடிலின் முன்னால் வைத்து, மேலே மண் ஆடுகளை மேயவிட வேண்டியதுதான். ஒரு கைப்பிடி கேழ்வரகுக்கு என்ன விலை ஆகிவிடும்? பால்கனியில் ஒரு முழ இடம் போதும். கடையில் வாங்கும் குடிலில் வெளிச்சம் இருக்கிறது, சில மாதிரிகளில் நீர்வீழ்ச்சிகூட இருக்கிறது. பிள்ளைக்கு வேலை மட்டும் இல்லை. பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரிப்பது ஒன்றுதான் பாக்கி.

கேரல் குழுவுக்கு இப்போது வேறு சங்கடம். தென் மாவட்டத்துத் தெருக்களில் அது நடுராத்திரிச் சமாசாரம். ஒன்றரை, இரண்டு மணிக்குத் தப்பட்டைச் சத்தம் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்தால் வாசல் நிறைய அண்ணன்களும் அக்காக்களும். பாட்டு, ஒரு ஜெபம், பெரிய பாத்திரத்தில் சுக்குக்காப்பி. அடுக்குமாடியில் சங்கத்தின் அனுமதி, வாட்ச்மேனின் பதிவேடு, இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குத் தடை. ஏழரை மணிக்கு வந்துவிட்டுப் போகிறார்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. நெஞ்சுவலிக்காரரும் கைக்குழந்தையும் இருக்கிற இடத்தில் ஏழரைதான் நியாயம். நாலு வயசுப் பிள்ளையை அழ அழ இழுத்துப்போய் முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவின் கையில் திணிக்கும் வழக்கத்தையும் இந்தச் சாக்கில் நிறுத்தினால் நல்லது.

தட்டு கொடுக்கும் வழக்கத்தை மட்டும் எந்தச் சாக்கிலும் விடக் கூடாது. தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து அதிரசம் வந்திருக்கும், ரம்ஜானுக்குப் பின்தெரு பாய் வீட்டிலிருந்து பிரியாணி. கிறிஸ்துமஸுக்கு நம் முறை. எவர்சில்வர் தட்டில் முறுக்கு, முந்திரிக்கொத்து, இரண்டு துண்டு கேக், மேலே பூவேலை செய்த துணி. தூக்கிக்கொண்டு போவது பிள்ளைகள். "மேல்வீட்டு மாமிக்கு முட்டை ஆகாதுடா, கேக்கை எடுத்துட்டுப் பழம் வை" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அடுத்த வீட்டின் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டது அப்படித்தான். தட்டு வெறுமனே திரும்பாது. ஒரு கை சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். இன்று அட்டைப்பெட்டியில் கேக் வாங்கி, டெலிவரி ஆளிடம் முகவரி கொடுத்துவிடுகிறோம். அட்டைப்பெட்டியை யார் திருப்பித் தரப்போகிறார்கள்?

நம் பிள்ளைப் பிராயத்துக் கிறிஸ்துமஸில் ஒன்றைக் கண்டிப்பாகப் புது வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. 23, 24 இரண்டு நாளும் அம்மாவும் பெரியம்மாவும் சித்தியும் எண்ணெய்ச்சட்டியை விட்டு எழுந்ததே இல்லை. ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து முறுக்கில் உப்புப் பார்த்தார்கள். விடியற்காலை ஆராதனையில் பிரசங்கம் தொடங்கியதும் பெண்கள் பக்கத்தில் பாதிப்பேருக்குக் கண் சொக்கும். அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்கள். பாட்டி வீட்டுப் பலகாரம் என்று இன்று நாம் உருகுவதற்குள் அந்தத் தூக்கமும் அடங்கியிருக்கிறது.

ஆகவே ஐந்து வகை வேண்டாம், ஒன்று போதும். அச்சு முறுக்கு என்று வைத்துக்கொள்வோம். அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள். காய்ந்த எண்ணெயில் அச்சைச் சுடவைத்து, மாவில் முக்கால் ஆழம்தான் முக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் அச்சு முறுக்கை விடாது. அடுப்பருகே நிற்பது அப்பாவாக இருக்கட்டும், கூடவே கொஞ்சம் வளர்ந்த பிள்ளை ஒன்று, ஒட்டிக்கொண்ட முறுக்கைக் குச்சியால் தள்ளிவிட. சின்னதுகள் தள்ளி உட்கார்ந்து, ஆறியதை எண்ணி டப்பாவில் அடுக்கட்டும். எண்ணிக்கை குறைந்தால் கேட்காதீர்கள். அம்மா கொஞ்சம் தூங்கட்டும். இரும்பு அச்சைப் புதிதாக வாங்குகிறவர்கள் கடைசி நேரம்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே வாங்கி, கழுவித் துடைத்து, நாலைந்து நாள் எண்ணெயில் ஊறப்போடுங்கள். பழகாத அச்சில் முதல் பத்து முறுக்கு உடைந்துதான் வரும். உடைந்ததெல்லாம் அடுக்குகிறவர்களுக்கு.